எடிட்டருக்குள் இணையம்: மவுஸ்காரர்களுக்கு ஆறு அறிவுரைகள்

இணையம் பார்க்க ஊரே பிரவுசரைத் திறக்கும். உங்களுக்கு அது போதாது. நிரல் எழுதும் ஈமேக்ஸ் எடிட்டருக்குள்ளேயே இணையமும் வேண்டும். அதையும் மவுஸை வைத்துக்கொண்டு மேய வேண்டும். ஈமேக்ஸ் இதற்கு அனுமதிக்கிறது. ஈமேக்ஸ்காரர்கள்தான் அனுமதிக்க மாட்டார்கள்.

1. முதலில் ஆள் நடமாட்டம் பாருங்கள். பக்கத்தில் பழைய ஈமேக்ஸ்காரர் யாராவது இருந்தால், மவுஸின் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டுவிடுங்கள்.

2. ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, 'ஈடபிள்யூடபிள்யூ' என்று தட்டி, முகவரியைக் கொடுங்கள். 2014-இல் வெளியான 24.4 பதிப்பிலிருந்து இந்த உலாவி ஈமேக்ஸுடனேயே வருகிறது. மவுஸ் பயணம் ஏன் கீபோர்டில் தொடங்குகிறது என்றெல்லாம் கேட்கக் கூடாது.

3. வந்த பக்கத்தில் எழுத்து இருக்கும், படம் இருக்கும், ஜாவாஸ்கிரிப்ட் இருக்காது. அதனால் துள்ளி எழும் விளம்பரம் இல்லை. பல தளங்களில் விஷயமும் இல்லை. அப்போது & விசையைத் தட்டினால் அதே பக்கம் வெளி பிரவுசரில் திறக்கும். இதைச் சத்தமில்லாமல் செய்யவும்.

4. இணைப்பின் மேல் இடது பட்டனை அழுத்தி, சட்டென்று விடுங்கள். இயல்பான அமைப்பில் 450 மில்லி விநாடிதான் கெடு. அதைத் தாண்டினால் கர்சர் மட்டும் அங்கே போய் உட்காரும். நீங்கள் ஏதோ எழுத வந்திருப்பதாக எடிட்டர் முடிவு செய்துவிடும். நிதானமானவர்கள் நடு பட்டனை அழுத்தலாம்.

5. முந்தைய பக்கத்துக்குப் போக 'எல்' எழுத்தைத் தட்டினால் போதும். ஆனால் நீங்கள் மவுஸ்காரர். கட்டைவிரல் பட்டன்கள் லினக்ஸில் பெரும்பாலும் மவுஸ்-8, மவுஸ்-9 என்ற பெயரில் வரும். அவற்றை 'பின்', 'முன்' கட்டளைகளோடு இணைக்க இரண்டு வரி லிஸ்ப் நிரல் எழுதுங்கள். ஒரு தட்டலை மிச்சம் பிடிக்க ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்தால், நீங்களும் அசல் ஈமேக்ஸ்காரர்தான்.

6. கையும் மவுஸுமாகப் பிடிபட்டால் தலைகுனியாதீர்கள், வரலாறு பேசுங்கள். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் நடத்திக்காட்டிய செய்முறையில் மவுஸ், உரை திருத்தம், சொடுக்கினால் தாவும் இணைப்பு மூன்றும் ஒரே கூட்டுக்குடும்பமாக இருந்தன. ஈமேக்ஸ் பிறந்ததோ 1976-இல். டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் எழுதிய முதல் வலை உலாவியிலும் பக்கங்களைப் படிக்கவும் முடியும், திருத்தவும் முடியும். பாகப்பிரிவினை பிறகு நடந்தது. ஆகவே, "மரபை மீறுகிறாயே" என்பவரிடம், "ஐயா, உங்கள் மரபுக்கு எட்டு வயது மூத்தது என் மரபு" என்று பணிவாகச் சொல்லுங்கள். சொல்லும்போது மவுஸிலிருந்து கையை எடுக்க வேண்டாம்.