ஒலிபெருக்கி இல்லாத கச்சேரி

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாதென்று 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம் சொன்னது. திருகோணமலை நாய்கள் சட்டத்தை மதிப்பவை, ஒலிபெருக்கியைத் தொடுவதேயில்லை.

குரைக்கக் காரணமும் இல்லாமல் இல்லை. வேறு ஊர் நாய்களுக்குத் தபால்காரர்தான் கதி. இங்கே பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் நகர வீதிகளில் சாப்பாடு தேடி உலாத்துகின்றன. நடுச்சாமத்தில் வாசலில் மான் நின்றால் எந்த நாய் வாயை மூடிக்கொண்டிருக்கும்? உட்துறைமுக வீதியில் ஒன்று தொடங்கினால் போதும், உவர்மலை வரைக்கும் செய்தி போய்விடும். வட்ஸ்அப் பிந்தித்தான் வரும்.

நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனாலும் முறையிடப் போனால், "ஆற்ற நாய்?" என்பதுதான் முதற்கேள்வி. பகலில் வீட்டுச் சோறு, இரவில் வீதிவாசம். சோறு போட நாலு வீடு, பொறுப்பேற்க ஒரு வீடுமில்லை.

பக்கத்து வீட்டு அண்ணையிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்க்கலாம். "அது குரைக்கிறதாலதான் தம்பி, நீர் கள்ளர் பயமில்லாமல் நித்திரை கொள்ளுறீர்" என்பார்.

எந்த நித்திரை என்று கேட்க வாயெடுப்பதற்குள் அது மறுபடி தொடங்கிவிடும்.