பார்க்கும் தொல்லையைத் தீர்த்த பெருமான்

கிரிக்கெட் ஒளிபரப்பில் எந்த நொடியில் எந்தக் கேமராவின் காட்சி நம் வீட்டுக்கு வர வேண்டும் என்று தீர்மானிக்கும் இயக்குநருக்கு இதுவரை யாரும் பாராட்டு விழா எடுக்கவில்லை. சிக்சர் அடித்தவருக்குக் கார் தருகிறார்கள், கேட்ச் பிடித்தவருக்குக் காசோலை தருகிறார்கள். ஆட்டத்தைப் பார்க்கும் பெருந்தொல்லையிலிருந்து கோடிக்கணக்கானவர்களை விடுவித்தவரை மட்டும் கண்டுகொள்ள ஆளில்லை. பெருநகர் என்ற எங்கள் ஊரின் சார்பில் அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன்.

அவர் அருமை தெரிய வேண்டுமானால், செய்யாற்றில் தண்ணீர் வற்றிய மாதங்களில் எங்கள் பையன்கள் ஸ்டம்ப் நட்டு ஆடும் மேட்சை ஒருநாள் வெயிலில் நின்று பார்க்க வேண்டும். அங்கே எல்லாமே ஒரே நேரத்தில் கண்ணில் பட்டுத் தொலைக்கும். பந்து போடுகிறவன் ஓடி வருவான். கேப்டன் கையசைக்க, லாங் ஆனில் நிற்பவன் நாலடி பின்னால் போவான். அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மட்டைக்காரன் காலை வேறு மாதிரி வைப்பான். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று நாமேதான் முடிவுசெய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மூளைக்கு இவ்வளவு வேலையா?

வீட்டில் அந்தக் கஷ்டமே இல்லை. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் இயக்குநர் நமக்குப் பந்துவீச்சாளரின் மூக்கைக் காட்டுகிறார். நுனியில் வியர்வை திரண்டு, தொங்கி, சொட்டுவதை ஸ்லோ மோஷனில் காணும் பாக்கியம் சேப்பாக்கத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்குக் கிடையாது. அடுத்து நகம் கடிக்கும் பயிற்சியாளர், அடுத்து கன்னத்தில் கொடி வரைந்த பெண், அடுத்து கையசைக்கும் சினிமா நட்சத்திரம். அதற்குள் பந்து வீசப்பட்டிருக்கும். பதினோரு பேர் எங்கெங்கே நிற்கிறார்கள் என்ற அற்ப விவரத்தைச் சொல்லி அவர் நம்மை வருத்துவதில்லை.

பந்து உயரே எழும்பும்போதோ அவர் நமக்குத் துப்பறியும் நாவலே எழுதித் தருகிறார். திரை முழுக்கக் கறுத்த வானம், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. கீழே ஆள் இருக்கிறானா, பந்து கயிற்றைத் தாண்டுமா, ஒன்றும் தெரியாது. மைதானத்தில் இருப்பவனுக்கு அது அடித்த மறுகணமே தெரிந்துவிடுகிறது. பாவம், சுவாரசியம் இல்லாத பிழைப்பு.

நம் தன்னம்பிக்கையையும் அவர் வளர்க்கிறார். பந்துவீச்சாளருக்குப் பின்னால், எல்லைக் கோட்டுக்கு அப்பால் உயரத்தில் இருக்கும் கேமராவின் நீண்ட லென்ஸ், 22 கஜப் பிட்சைப் பத்தடியாகச் சுருக்கிக் காட்டும். மணிக்கு 145 கிலோமீட்டரில் வரும் பந்துகூட அதில் சாவகாசமாக வந்து சேர்வதுபோல் இருக்கும். “இதைக்கூட அடிக்கத் தெரியலையே இவனுக்கு” என்று பாயில் சாய்ந்தபடி சொல்லும் தைரியம் நமக்கு வேறு யார் தந்தது?

அந்தக் கால இயக்குநர்களுக்கு இந்தத் திறமை போதாது. கேமரா ஒரு முனையில் மட்டுமே இருந்ததால், ஓவர் விட்டு ஓவர் விக்கெட் கீப்பரின் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. 1977இல் ஆஸ்திரேலியாவில் கெர்ரி பாக்கர் தன் போட்டிகளுக்கு இரு முனைகளிலும் கேமரா வைத்து அதை மாற்றினார். பிறகு ஸ்டம்புக்குள் ஒன்று, தலைக்கு மேல் கம்பியில் தொங்குவது ஒன்று என்று பெருகின. கேமரா குறைவாக இருந்தபோது வேறு வழியின்றி மைதானத்தையே காட்ட வேண்டியிருந்தது. இப்போது காட்டாமல் இருப்பதற்கும் வசதி வந்துவிட்டது.

ஓவர் முடிகிறது. கேப்டன் யோசிப்பதும், ஸ்லிப்பை எடுப்பதும், ஆட்களை இடம் மாற்றுவதும் அப்போதுதான். அந்த இடைவெளியில் நடிகர் ஒருவர் ஏலக்காயின் மகிமையை நமக்கு விளக்குகிறார். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அந்தப் பணம் பாயின்ட்டுக்கும் கவருக்கும் நடுவில் இருக்கும் காலிப் புல்லைக் காட்டினால் திரும்பி வருமா?

2023 ஐபிஎல் இறுதிப் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அகமதாபாத்தில் மழைக்குப் பின் 15 ஓவரில் 171 என்ற இலக்கு. கடைசி ஓவரில் சென்னைக்கு 13 ரன் வேண்டும். மோகித் சர்மா முதல் நான்கு பந்தில் மூன்றே ரன் கொடுத்தார். ஐந்தாவது பந்தை ஜடேஜா சிக்சருக்கு அனுப்பினார். கடைசிப் பந்து காலருகே வர, லேசாகத் திருப்பிவிட்டார். ஷார்ட் ஃபைன் லெக்கைத் தாண்டி நான்கு. கோப்பையை முடிவுசெய்தது அந்த ஃபீல்டர் நின்ற இடம். ஆனால் தோனி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், ஜடேஜாவை அவர் தூக்கியதும் தெரியும். ஷார்ட் ஃபைன் லெக் எங்கே நின்றார் என்று கேளுங்கள், உங்களை ஒருமாதிரி பார்ப்பார்கள். இயக்குநரின் வெற்றி இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது.

இவரோடு ஒப்பிட்டால் வானொலிக்காரர்கள் எத்தனை கொடுமைக்காரர்கள்! சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் தமிழில் வர்ணனை செய்தபோது, படம் இல்லாத ஒரே காரணத்தால், யார் எங்கே நிற்கிறார் என்பதையும் வாயாலேயே சொல்லித் தீர்க்க வேண்டியிருந்தது. கேட்டவன் மனத்துக்குள் மைதானத்தை வட்டமாக வரைந்து, ஆட்களை நிறுத்தி, பந்தை ஓடவிட வேண்டும். இப்படி உழைத்துக் களைத்த ஒரு தலைமுறை இன்றும் டிவியைப் பார்த்து, “ஃபீல்டைக் காட்டுடா” என்று கத்திக்கொண்டிருக்கிறது. பழக்கதோஷம்.

பொறுப்பில் இருப்பவரிடம் கணக்குக் கேட்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். பக்கத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பொறுப்புக்கு வர முடியாது என்பது அவற்றில் ஒன்று. நல்லவேளை, இயக்குநரின் நாற்காலிக்கு இந்த விதி பொருந்தாது. எத்தனை பந்துக்கு முன் ஃபீல்டைக் காட்டினீர்கள் என்று அவரிடம் கணக்குக் கேட்க எந்தச் சபையும் இல்லை.

ஆகவே பெருநகர் பேருந்து நிறுத்தத்தில் அவருக்கு ஒரு பிளெக்ஸ் வைக்கலாம் என்றிருக்கிறோம். இருபதடி உயரம். அதில் அவருடைய மூக்கு மட்டும். அந்த மூக்கு யாருடையது, எதற்காக வைத்தது என்பதை ஊர் ஊகித்துக்கொள்ளட்டும்.