மணிக்கு ஒரு சர்டிபிகேட் போதுமா?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள், எங்கள் வீட்டு மணியையும் அங்கே கூட்டிப்போக ஆசைப்படுகிறாள். நாய்க்கு டாக்டர் சர்டிபிகேட் ஒன்று வாங்கினால் போதும்தானே?
— வாசகர், கீழக்குயில்குடி

பதில்: மதுரை ஜங்ஷனில் சென்னைக்கு ரயிலேற அது போதும், தடுப்பூசிக் கார்டும் கையில் இருக்கட்டும். முதல் வகுப்பு ஏசியில் கூபேயை முழுதாக எடுத்தால் மணி உங்கள் காலடியிலேயே படுத்து வரும். இல்லாவிட்டால் கார்டு வேனில் நாய்ப்பெட்டிதான். கோடையில் அந்தப் பாவம் வேண்டாம்.

ஜெர்மனி விஷயம் வேறு. முதலில் தோலுக்கடியில் அரிசி அளவு மைக்ரோசிப், அப்புறம்தான் ரேபிஸ் தடுப்பூசி. ஊசி முந்திவிட்டால் அது கணக்கில் சேராது, மணி மறுபடி குத்து வாங்க வேண்டும்! ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தப் பரிசோதனை. அதில் தேறினால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் 3 மாதம் காத்திருப்பு. கடைசியாகச் சென்னையில் மத்திய அரசின் கால்நடை குவாரன்டைன் அலுவலகச் சான்று. அதை வாங்கிய 10 நாளுக்குள் ஐரோப்பாவில் இறங்கிவிட வேண்டும்.

ஆகவே மகளை டிக்கெட் போட அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். படிவத்தில் இனம் கேட்டால் கூச்சமே வேண்டாம், 'நாட்டு நாய்' என்றே எழுதச் சொல்லுங்கள். நம் மணிக்கு என்ன குறைச்சல்?