வேலியும் பொட்டும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, ரெலிபோனும் இல்லை. கொழும்புக்கு ஒரு கடிதம் போக வேண்டுமென்றால் கிளாலியால் இரவுப் படகில் போகிற ஆரையாவது பிடிக்க வேண்டும். உறையை ஒட்டக் கூடாது என்பது எழுதாத சட்டம். இந்தப் பக்கம் இயக்கம் பிரித்துப் பார்க்கும், தாண்டிக்குளம் கடந்தால் அந்தப் பக்கம் ஆமியும் பார்க்கும். இடையில் கொண்டுபோகிற மனிசனும் பொழுதுபோக்காக வாசிப்பார்.

ஆனபடியால் எங்கள் வீட்டில் எல்லோருமே சங்கேத நிபுணர்கள். 'இங்கே மழை பலம்' என்றால் ஷெல்லடி. 'இன்னார் ரியூசனுக்கு வாறதில்லை' என்றால் பெடியன் இயக்கத்துக்குப் போய்விட்டான். ஒருமுறை உண்மையாகவே பெய்த மழையை அம்மா எழுதிவிட, பெரியம்மா கொழும்பில் இருந்தபடியே நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்துவிட்டா.

பிறகு வந்தது கொமினிகேசன் காலம். பலகைப் பெட்டிக்குள் நின்று கனடாவோடு கதைப்போம். லைன் இழுக்கும், கத்த வேண்டும். வெளியே வாங்கில் காத்திருப்பவர்களுக்கு எங்கள் சீதனப் பேச்சு முழுக்கப் பாடம். மிச்சக் காசைத் தரும்போது கடைப் பெடியன் அக்கறையாகக் கேட்பான்: "மாப்பிள்ளை பகுதி இன்னும் இறங்கிவரேல்லையோ அக்கா?"

2016 ஏப்ரலில் வட்ஸ்அப் எல்லாப் பேச்சையும் முனைக்கு முனை பூட்டியது. திறப்பு கதைக்கிற இருவரின் போன்களில் மட்டும், கம்பனியிடம்கூட இல்லை. அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். வடிவாகத் தலையாட்டினா. பிறகு விறாந்தையில் ஸ்பீக்கரைப் போட்டு லண்டன் அக்காவோடு ஊர்க்கதை முழுக்கக் கதைத்தா. கணித மேதைகளின் பூட்டு எங்கள் கிடுகு வேலி வரைக்கும்தான் தாக்குப்பிடித்தது.

அதே வருடம் அமெரிக்காவில், சான் பெர்னார்டினோவில் 14 பேரைக் கொன்றவர்களில் ஒருவனின் ஐபோனைத் திறக்க மென்பொருள் எழுதித் தா என்று எஃப்.பி.ஐ. அப்பிளைக் கோட்டுக்கு இழுத்தது. ஒன்றுக்கு எழுதினால் எல்லாப் போனுக்கும் அது உதவும் என்றது அப்பிள். எஃப்.பி.ஐ. வேறு ஆட்களைப் பிடித்துத் திறந்துகொண்டு வழக்கை விட்டது. அவர்கள் கேட்டது வேறொன்றுமில்லை, வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி. பக்கத்து வீட்டு மாமி சீனி இரவல் வாங்க வருவதற்கென்று வைத்த பொட்டால் ஆடு வராதா, நாய் வராதா?

கொலைகாரனின் போனையும் பூட்டியே வைப்பதா என்று கேட்டால், லேசாகத் தட்டிவிட முடியாது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாடு இது. ஆனால் அந்த முறை எந்தப் பூட்டும் குறுக்கே நிற்கவில்லை. குண்டு வெடிக்கப் போகிறது என்று இந்தியா முன்கூட்டியே தகவல் தந்தது. அது கடிதமாகி மேசைகளுக்கும் போனது. எங்களுடைய சுகசெய்திகளை எழுத்தெண்ணி வாசித்த நாட்டில் அந்தக் கடிதம் சும்மா கிடந்தது. தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

இங்கே அப்பிளோடு ஆரும் மல்லுக்கட்டத் தேவையில்லை. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கம் என்று தனியாக ஒன்று எழுதப்படவில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் மட்டும் தவறாமல் இருக்கிறது. அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிந்திய ஒரு நாள் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். என் முறை வந்ததும் சீருடைக்காரர் கையை நீட்டி "லொக் எடு" என்றார். எடுத்தேன். உலகத்தின் பெரிய சட்ட விவாதம் இரண்டு சொல்லில் முடிந்தது. படங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பெறாமகளின் சாமத்தியவீடு: ஆலாத்தி, பலகாரத் தட்டு, திரும்பவும் ஆலாத்தி. அலுத்துப்போய்த் தந்துவிட்டார்.

2025 பெப்ரவரியில், பிரித்தானிய அரசு இரகசியமாக நெருக்குகிறது என்று செய்திகள் வந்த பின், அப்பிள் அங்கே ஐகிளவுட்டின் உயர்ந்த பூட்டைப் புதிதாக ஆருக்கும் கொடுப்பதை நிறுத்தியது. அக்காவின் மகன் லண்டனில் இருந்து கொதித்தான். தனிமனித சுதந்திரம் செத்துப்போச்சு, ஊர்வலம் போகப்போறன் என்றான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா பதறிப்போனா.

"ராசா, ஆமி வீட்டை வந்தவங்களோ?"

"இல்லை அம்மம்மா."

"போனைப் பறிச்சவங்களோ?"

"இல்லை."

"அடிச்சவங்களோ?"

"சீ, இல்லை."

"அப்ப சாப்பிட்டிட்டுப் படன், மோனை."