சாகா வரம் பெற்றவர்

கேமரன் மலையில் தோட்டத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பார். தேயிலை ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றிருப்பார். இல்லையென்றால் தோட்டத்து லாரி ஓட்டியிருப்பார். அதுவும் இல்லையென்றால் ஆபீசில் கிராணியாகக் கணக்கெழுதியிருப்பார். அன்றைக்குப் பார்த்த வேலை எதுவானாலும் இன்றைக்குப் பார்க்கிற வேலை ஒன்றுதான்: பழைய புரோட்டோன் சாகா காடியையும் புதிய புரோட்டோன் சாகா காடியையும் ஒப்பிடுவது. சம்பளம் இல்லாத வேலை. அதனால் விடுமுறையும் இல்லை.

எல்லோரும் இவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

தானா ராத்தாவில் கடைக்கு வெளியே யாராவது புதுக் காடியை நிறுத்தினால் போதும், அண்ணன் தே தாரிக்கை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். மலைக் குளிருக்கு அது இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கடமை அழைக்கிறது. பின்னால் கை கட்டிக்கொண்டு காடியை ஒரு சுற்று வருவார். முன்பக்க மட்கார்டு அருகே நின்று, நடுவிரல் மூட்டால் இரண்டு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார்.

“கேட்டுச்சா தம்பி?”

“ஒண்ணும் கேக்கலியேண்ணே.”

“அதான் சொல்றேன். தகரம். இரும்பா இருந்தா பதில் சொல்லும்.”

அப்புறம் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன்னுடைய 88-ஆம் வருஷத்துச் சாகாவைத் தட்டிக் காட்டுவார். அதுவும் அதே சத்தம்தான் போடும். நம் காதுக்குத்தான் பயிற்சி போதாது.

காடிக்காரர் வந்து, “அங்கிள், என்ன பாக்கறீங்க?” என்று கேட்டால் அண்ணன் சங்கடப்படமாட்டார். “எந்த வருஷம்?” என்று திருப்பிக் கேட்பார். பதில் எதுவாக இருந்தாலும் ‘ச்சு’ கொட்டுவார். மருத்துவமனையில் எக்ஸ்ரேயை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கிற டாக்டர்கூட அவ்வளவு சோகமாக ‘ச்சு’ கொட்டமாட்டார்.

அண்ணனுக்குக் கல்யாண நாள் மறந்துபோகும். 1985 ஜூலை 9 மறக்காது. அன்றுதான் மகாதீர் சாகாவை அறிமுகம் செய்தார். பெயர் மலேசியக் காடி. உடம்பும் எஞ்சினும் மிட்சுபிஷி லான்சர் பியோரே. ஷா ஆலாமில் பூட்டினார்கள், அவ்வளவுதான். மூக்கில் பிறையும் 14 முனை நட்சத்திரமும் ஒட்டியிருக்கும். அண்ணன் கணக்கில் அந்தக் காடிதான் ‘அசல் நம்ம நாட்டுக் காடி’. பிற்பாடு சொந்தமாக எஞ்சின் உருவாக்கி, உள்நாட்டுச் சாமான்களைச் சேர்த்துச் சேர்த்துச் செய்தார்களே, அதெல்லாம் ‘கண்டவன் செஞ்சது’. ஜப்பான்காரன் முழுசாகச் செய்தால் நம்முடையது, நாமே செய்தால் அந்நியம். இந்தக் கணக்கை ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். “நீ கேக்கறது அரசியல், நான் சொல்றது இரும்பு” என்று முடித்துவிட்டார்.

இரும்பின் சரித்திரம் அவர் வாயால் கேட்க வேண்டும். 1990-ஐ ஒட்டி எட்டு வால்வை 12 வால்வு ஆக்கினான். “நாலு வால்வு கூடினா நாலு எடத்துல ரிப்பேர் கூடும்.” 1992-இல் முன்னாலும் பின்னாலும் முகத்தை மாற்றி ஈஸ்வரா என்று பெயர் வைத்தான். “பேர மட்டும் சாமி பேரா வச்சான்.” 2008-இல் பழைய வார்ப்பையே நிறுத்திவிட்டு, கேம்ப்ரோ எஞ்சின் போட்ட இரண்டாம் தலைமுறை வந்தது. அந்த வருஷத்தை அண்ணன் துக்க வருஷமாகவே அனுஷ்டிக்கிறார். 2016-இல் மூன்றாம் தலைமுறை. அதில் பெல்ஜியம் கம்பெனியின் சி.வி.டி. கியர்பெட்டி. 2017-இல் சீனத்து கீலி கம்பெனி புரோட்டோனில் 49.9 விழுக்காடு பங்கை வாங்கியது. 2019-இல் பெல்ஜியம் கியர்பெட்டி போய் ஹுண்டாயின் நாலு கியர் ஆட்டோ வந்தது. “ஜப்பான்காரன் பெத்தான், பெல்ஜியம்காரன் வளத்தான், கொரியாக்காரன் சோறு போடறான், சீனாக்காரன் பேரு வைக்கப் போறான். நம்ம புள்ளைன்னு எப்படிச் சொல்றது?”

இவ்வளவு பேசுகிறவரின் சொந்தக் காடி மட்டும் ஏன் சரியாக 88? இங்கேதான் இந்த வகை மனிதரின் சூட்சுமம் இருக்கிறது. கடையில் ஒரே மேசையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். 86 வைத்திருப்பவர், 87-இலேயே தரம் போய்விட்டது என்பார். அண்ணன், 89-இல் போயிற்று என்பார். பிரிஞ்சாங்கில் காய்கறிக் கடை வைத்திருக்கிற இன்னொருவர் 94 ஈஸ்வரா ஓட்டுகிறார். அவர் 95-ஐக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார். 2003-இல் கடைசியாக முகம் கழுவிவிட்ட பழைய சாகாவை வாங்கிய ஆசிரியர் ஒருவர் உண்டு. பாவம், அவருக்குக் குறை சொல்ல அடுத்த ஐந்து வருஷம்தான் மிச்சம். ஆளாளுக்குத் தரம் செத்த வருஷம் வேறு. எல்லோருக்கும் அது அவரவர் காடி வாங்கிய மறுவருஷம்தான்.

அதிகாலையில் அண்ணன் வீட்டுப் பக்கம் போனால் வேறொரு தரிசனம் கிடைக்கும். ஹாபு பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலைக் குளிர் 15 டிகிரி வரை இறங்கும். கார்புரேட்டர் எஞ்சினுக்கு அது உகந்த வேளை அல்ல. குளிரில் பெட்ரோல் ஆவியாகாமல் அடம்பிடிக்கும். அதனால்தான் காற்றைக் குறைத்து எண்ணெயைக் கூட்ட ‘சோக்’ வைத்தார்கள். அண்ணன் முதலில் டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் முருகனைத் தொட்டுக் கும்பிடுவார். சோக்கைப் பாதி இழுப்பார். அது நிற்காமல் உள்ளே ஓடிவிடும் என்பதால், துணி காயப்போடுகிற கிளிப்பை அதன் கழுத்தில் மாட்டுவார். ஆக்சிலேட்டரை இரண்டு மிதி. சாவியைத் திருப்பினால் எஞ்சின் ‘கக்... கக்... கக்...’ என்று தொண்டையைச் செருமும். ‘அப்பனே’ என்பார். மூன்றாம் தடவை பிடித்துக்கொள்ளும். வெளியே கிளம்புகிற புகையில் எதிர் வீட்டில் காயப்போட்ட துணியெல்லாம் மறையும்.

எதிர் வீட்டுப் பையன் மைவி காடி வைத்திருக்கிறான். அவன் ஒரு பொத்தானை அமுக்குவான்; கிளம்பிப் போய்விடுவான். அண்ணன் புகைக்குள்ளிருந்து அவனைக் காட்டி, “பாத்தியா, சத்தமே இல்ல. உயிர் இருக்கிற காடி இருமணும் தம்பி” என்பார்.

காடியின் தரத்துக்கு அண்ணன் வைத்திருக்கும் பரீட்சை தாப்பா சாலை. தாப்பாவில் தொடங்கி, லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டி, ரிங்லெட் வரை வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலை. சிம்பாங் பூலாய் வழியாக அகலமான புதுச்சாலை வந்த பிறகு ஈப்போ போகிறவர்கள் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். அதை அண்ணன் சாலையாகவே ஒப்புக்கொள்வதில்லை. “அதுல யாரு வேணும்னாலும் ஏறலாம். தாப்பா ரோட்டுல ஏழு பேரை வச்சு ஏறணும்.” ஏழு பேர் என்பது மிகையல்ல. பின் இருக்கைக்கும் வார் கட்டாயம் என்று 2009-இல் சட்டம் வருவதற்கு முன்பு, சாகா என்பது தோட்டத்துக் குடும்பத்தின் பஸ். முன்னால் இரண்டு பேர், பின்னால் நாலு பேர், யார் மடியிலாவது ஒரு பிள்ளை. பூட்டில் கோயிலுக்குக் கொண்டுபோகும் பொங்கல் பானை. இறங்கும்போது அருவிப் பக்கம் வந்ததும் பிரேக் கருகும் வாசனை வந்தால், “எறங்குங்க, படம் எடுத்துக்கலாம்” என்று அண்ணன் பெருந்தன்மையாகச் சொல்வார். குடும்ப ஆல்பத்தில் லாத்தா இஸ்கந்தார் அருவிப் படம் மட்டும் ஏகப்பட்டது இருக்கிறது. பிரேக் ஆறுவதற்கு அவ்வளவு படம் எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு இடத்தில் மட்டும் அண்ணன் அடங்கிப்போவார். கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கத்துச் சீனத் தோட்டக்காரர்கள் எதிரே. அவர்களிடம் இருப்பது லேண்ட் ரோவர். கேமரன் மலையில் முட்டைக்கோஸும் தக்காளியும் சேற்றுச் சரிவிலிருந்து மேலே வருவது இன்னும் இந்தப் பழைய வண்டிகளில்தான். அங்கேயும் இதே வியாதி இருக்கிறது. சீரிஸ் டூ வைத்திருப்பவர், 1971-இல் வந்த சீரிஸ் த்ரீயின் முன் கிரில்லை நகத்தால் தட்டி, “பிளாஸ்டிக் லா” என்று முகம் சுளிப்பார். முகப்பு விளக்கு கிரில்லுக்குள் இருந்தால்தான் லேண்ட் ரோவர், மட்கார்டுக்கு மாறியதுமே போயிற்று என்பார் அவரைவிட மூத்தவர். அந்தச் சீரிஸ் வண்டிகளின் உற்பத்தி நின்றது 1985. சாகா பிறந்ததும் அதே வருஷம்தான். இந்தத் தகவலை அண்ணனிடம் சொன்னதுதான் தாமதம், “அவன் ஒப்படைச்சான், நாங்க வாங்கிக்கிட்டோம்” என்றார்.

தமிழ்நாட்டிலும் நான் இந்த ஜாதியைப் பார்த்திருக்கிறேன். அங்கே அம்பாசடர். மார்க் டூதான் வண்டி, நோவா வெறும் பெயின்ட் என்பார் ஒருவர். இசுசு எஞ்சின் போட்ட பிறகுதான் அது ஓடவே ஆரம்பித்தது என்பார் இன்னொருவர். 1950-களின் கடைசியில் வந்து 2014-இல் நின்றுபோன வண்டிக்காகக் கோவையில் ஒரு டீக்கடை பெஞ்ச் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்ததைக் கண்ணால் கண்டேன். இத்தனைக்கும் அந்த பெஞ்சில் யாரிடமும் அம்பாசடர் இல்லை.

அண்ணனின் கற்பனைக்கு எல்லை கிடையாது. 1967-இல் இந்த மலையில் உலாவப் போன பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் திரும்பி வரவேயில்லை. இன்றுவரை துப்பு இல்லை. அண்ணனைக் கேட்டால், “நடந்து போனாருல்ல, அதான். ஒரு சாகா இருந்திருந்தா புகையைப் பாத்தே கண்டுபுடிச்சிருக்கலாம்” என்பார்.

தன் மனைவியிடம், அதாவது நம் அக்காவிடம், இந்த விஷயத்தைப் பேசக்கூடாது என்று அண்ணன் நம்மை முன்கூட்டியே எச்சரித்துவிடுவார். பேசினேன். தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டே சொன்னார்: “பழசுல ரிங்லெட் தாண்டறதுக்குள்ள மூணு பிளாஸ்டிக் பை ஆயிடும் தம்பி, பிள்ளைங்க வாந்தியில. கண்ணாடியை எறக்கலாம்னா சுத்தற கைப்பிடி கையோட வந்துரும். அதை இவரு சீட்டுக்கு அடியிலேர்ந்து தேடி எடுக்கறதுக்குள்ள நான் நாலாவது பையை எடுத்துருவேன். மவன் காடியில ஏறுனேன், தூங்கிட்டேன், ஈப்போ வந்துருச்சு.” உள்ளே இருந்து அண்ணன் குரல் வந்தது: “தூங்கறவளுக்கு இரும்பைப் பத்தி என்ன தெரியும்!”

மகன் காடி 2019 சாகா. ஈப்போவில் ஒரு கல்யாணம். 88-க்கு அன்று காலை கிளிப், முருகன், இரண்டு மிதி எதுவும் பலிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணன் மகன் காடியில் முன்னால் ஏறினார். எனக்குப் பின் இருக்கை. மகன் சிம்பாங் பூலாய் பக்கம் திருப்பியபோது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறக்கம் தொடங்கியதும் வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கத் தொடங்கியது. “கியரை எறக்குடா.” “ஆட்டோப்பா, அதுவே எறக்கிக்கும்.” “அதுக்கு எப்படித் தெரியும் எறக்கம்னு?” பதில் இல்லை. பாதி வழியில் ஏர்கோன் துளையில் விரலை வைத்துப் பார்த்தார். கதவைத் தட்டிப் பார்த்தார். காது கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய அதிசயம். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

கல்யாண மண்டபத்து வாசலில் சம்பந்தி வீட்டுப் பையன் தன் புதுச் சாகாவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேரே அங்கே போனார். ஒரு சுற்று வந்தார். மட்கார்டில் இரண்டு தட்டு.

“எந்த வருஷம் தம்பி?”

“இருபத்திரண்டு, அங்கிள்.”

அண்ணன் ‘ச்சு’ கொட்டினார். “ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்லப்பா. 19 வரைக்கும் நல்லாத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தான். அதுக்கப்புறம் இரும்பைக் கொறைச்சுட்டான்.”