லைன் கிளியர் இல்லை

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். பஸ் ஏறினால் பேச்சு முடிவதற்குள் ஊர் வந்துவிடும். ரயிலில்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறவர் திருப்பாப்புலியூரில் ஏறி விழுப்புரம் போக வேண்டும்; அங்கே இறங்கி, அடுத்த வண்டிக்குத் தவம் கிடந்து, மறுபடி 38 கிலோமீட்டர் கிழக்கே வர வேண்டும். எல்லாம் சேர்த்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். விழுப்புரம்–புதுச்சேரி பாதை 1879-இல் வந்தது. அன்றைக்கு வெள்ளைக்காரன் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே விட்டுவைத்த இடைவெளியை, தொல்லியல் துறைகூடக் காட்டாத அக்கறையோடு ரயில்வே பாதுகாத்து வருகிறது.

திட்டம் இல்லாமல் இல்லை. மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகச் சென்னைக்கும் கடலூருக்கும் இடையே 179 கிலோமீட்டர் புதுப் பாதை 2008-09 பட்ஜெட்டிலேயே ஏறிவிட்டது. ஏறியது இறங்கவில்லை. அதற்கு வெறும் ஆயிரம் ரூபாய் ஒதுக்கிய ஆண்டும் உண்டு. திட்டம் செத்துவிடவில்லை என்று காட்ட வாயில் ஊற்றிய பால் அது.

இருக்கிற பாதையின் லட்சணம் என்ன? விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும் கார்டு லைன் இரட்டைப் பாதை. கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் போகும் மெயின் லைன் இன்றும் ஒற்றைப் பாதைதான். 2010-க்குள் அகலப்பாதை ஆக்கினார்கள், பிறகு மின்கம்பி இழுத்தார்கள், இரண்டாவது தண்டவாளத்தை மட்டும் மறந்துவிட்டார்கள். எதிரே வண்டி வந்தால் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் லூப் லைனில் ஒதுங்கி, லைன் கிளியர் கிடைக்கும்வரை நிற்க வேண்டும். அதற்குப் பெயர் கிராசிங். பேசஞ்சர் வண்டியில் வேலைக்குப் போகிறவன் ஆயுளில் பாதி அதில் கழியும். மைசூர் எக்ஸ்பிரஸை 2024-இல் மயிலாடுதுறையிலிருந்து கடலூருக்கு நீட்டினார்கள், வாழ்க. ஆனால் அதை ஓ.டி.யோடு, அதாவது துறைமுக ஸ்டேஷனோடு, நிறுத்திக்கொண்டார்கள்; ஊர் நடுவே இருக்கும் திருப்பாப்புலியூருக்குக் கொண்டுவரவில்லை. ஒற்றைப் பாதை ஊரில் ஒரு வண்டியை மணிக்கணக்கில் நிறுத்திவைக்கத் தனித் தண்டவாளம் வேண்டுமே!

இதுவரை சிரித்துவிட்டுப் போகலாம். 2025 ஜூலை 8-ஆம் தேதி காலை, ஆலப்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் செம்மங்குப்பம் கேட்டில், விழுப்புரம்–மயிலாடுதுறை பேசஞ்சர் பள்ளி வேன் மீது மோதியது. மூன்று பிள்ளைகள் செத்தார்கள்.

அந்த கேட்டில் அன்றைக்கு இன்டர்லாக்கிங் கிடையாது. அது இருந்தால் கேட்டைச் சாத்தினால்தான் சிக்னல் விழும். இல்லாத இடத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கேட்பார், கேட் கீப்பர் "சாத்திவிட்டேன்" என்பார், ஒரு நம்பரைப் பரிமாறிக்கொள்வார்கள். வாய்ச்சொல்லை நம்பி வண்டி வரும். எந்த கேட்டுக்கு இன்டர்லாக்கிங் தகுதி என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கு. ஒற்றைப் பாதையில் வண்டி குறைவு. வண்டி குறைந்தால் பெருக்குத்தொகை குறையும். தொகை குறைந்தால் கேட் தகுதி இழக்கும். இரண்டாவது தண்டவாளம் தராதவனே, தண்டவாளம் இல்லாததைக் காட்டிப் பூட்டையும் மறுக்கிறான்.

அன்றைக்கே ரயில்வே ஓர் அறிக்கை விட்டது. வேன் டிரைவர்தான் கடக்க விடச் சொல்லி வற்புறுத்தினார் என்றது. அங்கே சுரங்கப்பாதை கட்ட முழுப் பணமும் தருவதாகச் சொல்லியும், ஓர் ஆண்டாகக் கலெக்டர் அனுமதி தரவில்லை என்றது. கலெக்டர் ஆபீஸ் எங்கள் மஞ்சக்குப்பத்தில்தான். ரயில்வே சொல்வது நிஜமென்றால், சுரங்கப்பாதைக் கோப்பும் எதிர்க்கோப்பு வரட்டும் என்று இங்கேதான் கிராசிங்கில் நின்றிருக்கிறது. பிணம் பள்ளிச் சீருடையில் கிடக்கும்போது, குற்றத்தை அடுத்த ஆபீஸுக்குத் தள்ளிவிட இவர்களுக்கு மட்டும் எந்தப் பாதையும் அடைபடுவதில்லை.

கேட் கீப்பர் கைதானார். சில நாளிலேயே டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது: இன்டர்லாக்கிங்குக்கான வரம்பைக் குறையுங்கள், கேட்டுகளில் கேமரா வையுங்கள். மூன்று பிள்ளைகள் போன பிறகு அந்தக் கோப்புக்கு லைன் கிளியர் கிடைத்துவிட்டது. இரண்டாவது தண்டவாளத்துக்கு எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்பதையும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கலாம்.