பாதி முகம், முழு டிக்கெட்

திரைப்பட மாணவர்களின் குறும்பட நோட்டில் லைட்டிங் பக்கம் மட்டும் மனப்பாடச் செய்யுள் மாதிரி இருக்கும். பேய் என்றால் நீலம், முகத்துக்குக் கீழிருந்து ஒரு லைட். காதல் என்றால் பின்னாலிருந்து மஞ்சள் வெயில். கிரைம் என்றால் ஜன்னல் கம்பி நிழல். காமெடி என்றால் கண் கூசும் வெளிச்சம். இந்தச் சட்டங்களை இயற்றிய மகான்கள் யார் என்று விசாரித்துப் பார்த்தால், பாதிப் பேர் கையில் வசதி இல்லாதவர்கள், மீதிப் பேர் முதலாளியிடம் சமாளித்தவர்கள்.

ஆதியில் சூரியன் மட்டுமே இருந்தார். பேட்டா கேட்காத லைட்மேன். ஆனால் நின்ற இடத்தில் நிற்க மாட்டார். மின்விளக்கால் பேர் வாங்கிய எடிசன் 1893-ல் நியூஜெர்சியில் படம் பிடிக்க ஒரு ஸ்டூடியோ கட்டினார். எதை நம்பி? சூரியனை! தார்ப் பேப்பர் ஒட்டிய கறுப்புக் கொட்டகை. கூரையின் ஒரு பகுதி திறக்கும். வெயில் நகர நகர, கொட்டகையையே வட்டத் தண்டவாளத்தில் தள்ளித் திருப்புவார்கள். பார்ப்பதற்குக் கைதிகளை ஏற்றும் போலீஸ் வண்டி போல இருந்ததால் அதன் பெயரையே வைத்து 'பிளாக் மரியா' என்றார்கள். மொத்தச் செலவு 637 டாலர் சொச்சம். அங்கே 1894-ல் ஃப்ரெட் ஆட் என்ற ஊழியர் கேமரா முன் ஒரு தும்மல் போட்டார், படம் முடிந்தது. அன்றைக்கு அது காமெடி. 2020-க்குப் பிறகு பார்க்கிறவனுக்கு ஹாரர். வெளிச்சம் என்னவோ ஒன்றுதான்.

இருபது வருஷம் கழித்து வந்தார் இயக்குநர் செசில் பி. டெமில். 1915-ல் வெளியான 'தி வாரன்ஸ் ஆஃப் வர்ஜீனியா' படத்தில் ஓர் ஒற்றன் திருட்டுத்தனமாக வருகிறான். திருட்டுமுழி முழிக்கிறவன் முகத்தில் கல்யாண வீட்டு வெளிச்சம் இருந்தால் நன்றாக இருக்குமா? லாஸ் ஏஞ்சலஸ் நாடக அரங்கு ஒன்றிலிருந்து ஸ்பாட் லைட்டுகளை இரவல் வாங்கி, அவன் முகத்தில் பாதிக்கு மட்டும் வெளிச்சம் போட்டார். நியூயார்க்கில் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளி சாமுவேல் கோல்ட்ஃபிஷுக்கு (இவர்தான் பின்னாளில் கோல்ட்வின்) படத்தைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரைந்தது. நடிகரின் பாதி முகத்தைத்தான் காட்டுவீர்கள் என்றால் தியேட்டர்காரன் பாதிப் பணம்தானே தருவான்? நியாயமான கேள்வி. டெமில் அசரவில்லை. ரெம்பிராண்ட் லைட்டிங் என்றால் என்ன என்று தெரியாத உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று பதில் தந்தி அடித்தார். டச்சு ஓவியர் பெயரைக் கேட்டதும் கோல்ட்ஃபிஷ் குளிர்ந்துபோனார். ரெம்பிராண்ட் என்றால் டபுள் ரேட் கேட்கலாமே! இதை டெமிலே பின்னால் சொல்லியிருக்கிறார் என்பதால் கொஞ்சம் மசாலா கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் மாணவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய சம்பவம். பேராசிரியர் "ஏம்பா, முகமே தெரியலையே?" என்றால், செத்துப்போன ஓர் ஓவியர் பெயரைச் சொல்லுங்கள்.

ஜெர்மனியில் இன்னும் விசேஷம். 1920-ல் வந்த 'டாக்டர் காலிகாரியின் அறை' படத்தில் நிழல் விழவே காத்திருக்கவில்லை. செட்டின் சுவரிலும் தரையிலும் பெயிண்ட் அடித்தே வரைந்துவிட்டார்கள். கலைக் கொள்கை என்று ஒரு கதை, போருக்குப் பிந்தைய சிக்கனம் என்று இன்னொரு கதை. எதுவானாலும், கரண்ட் போனாலும் கலையாத நிழல் அது ஒன்றுதான். உலகப் பேய்ப் படங்களின் பாட்டியே டிஸ்டெம்பர் டப்பாவிலிருந்து வந்தவள்.

அந்த ஜெர்மன் மரபிலேயே வளர்ந்தவர் கார்ல் ஃப்ராயிண்ட். 'மெட்ரோபோலிஸ்' படமாக்கியவர்களில் ஒருவர். 1931-ல் ஹாலிவுட்டின் 'டிராகுலா'வும் இவர் கேமராதான். இருட்டுக்கே குலகுரு. 1951-ல் இவரை 'ஐ லவ் லூசி' என்ற டி.வி. காமெடிக்குக் கூப்பிட்டார்கள். எதிரே ஜனங்கள், ஒரே நேரத்தில் மூன்று கேமரா. எந்தக் கேமராவுக்கு எந்தப் பக்கம் நிழல் வைப்பது? மேலே விளக்குகளை வரிசையாகக் கட்டி, செட் முழுக்க ஒரே சீராக வெளிச்சத்தைக் கொட்டிவிட்டார். இன்றுவரை டி.வி. சிரிப்பு நாடகங்களில் சோபாவுக்கு அடியில்கூட நிழல் இல்லாததற்கு டிராகுலாவின் கேமராமேன்தான் பொறுப்பு.

இதற்கு நேர் எதிர்க் கூத்து ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன். 1940-களின் கிரைம் படங்களில் நாலு லைட் வைக்கும் இடத்தில் ஒன்றை வைத்துவிட்டுப் போகிறவர். சின்ன பட்ஜெட் முதலாளிகளுக்கு இவர் தெய்வம். செட் போடாத பகுதியெல்லாம் இருட்டில் இருந்தால் யாருக்குத் தெரியும்? அந்த மாதிரிப் படங்களுக்கு 'ஃபிலிம் நுவார்' என்று பெயர் வைத்தது பிரெஞ்சு விமர்சகர்கள், அதுவும் 1946-ல். எடுத்தவர்களுக்குத் தாங்கள் நுவார் எடுக்கிறோம் என்றே தெரியாது. இருட்டுக்காகவே பேர் போன ஆல்டனுக்கு ஆஸ்கர் எதற்குக் கிடைத்தது தெரியுமா? 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' என்ற கலர் பாட்டுப் படத்துக்கு.

நம் நாட்டுப் பக்கம் வந்தால் சுப்ரதா மித்ரா. பிரெஞ்சு இயக்குநர் ரெனுவார் கல்கத்தா பக்கம் 'தி ரிவர்' எடுத்தபோது வேலை கிடைக்காமல், ஓரமாக நின்று எந்த லைட் எங்கே இருக்கிறது என்று படம் வரைந்துகொண்டிருந்த பையன். அந்தத் தகுதியோடு, மூவி கேமராவை அதற்குமுன் இயக்காமலே, சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு ஒளிப்பதிவாளர் ஆனார். 1956-ல் 'அபராஜிதோ'. காசி வீட்டு முற்றத்தை மழைக்குப் பயந்து ஸ்டூடியோவுக்குள் செட் போட்டுவிட்டார்கள். முற்றத்தில் வானத்து வெளிச்சம் எப்படி இறங்கும் என்று மித்ரா வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை. செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார், கீழிருந்து லைட்டை அதன்மேல் அடித்தார். திரும்பி விழுந்த வெளிச்சத்தில் நிழல் மெத்தென்று இருந்தது. பார்த்தவர்கள் காசி என்றே நம்பினார்கள். இன்று நம் யூனிட்களில் தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டு கை கடுத்துப்போய் நிற்கிற ஒவ்வொரு பையனும் அந்தத் துணியின் வாரிசு.

ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமின் இருட்டைத் தமிழ்நாடு எத்தனை வருஷம் கிண்டலடித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு எல்லோரும் லைட்டை அணைத்தார்கள்.

ஆகவே தம்பி தங்கைகளே, பத்து நிமிடப் படத்துக்குள் பேய், காதல், கிரைம், காமெடி நாலையும் வைத்தே தீருவோம் என்றால் தாராளமாக வையுங்கள். நோட்டில் நீலம், மஞ்சள் என்று எழுதுவதற்கு முன், அந்த ரூமில் ஜன்னல் எந்தப் பக்கம், வெயில் எத்தனை மணிக்கு உள்ளே வரும் என்று பார்த்து எழுதுங்கள். இன்னொன்று: வீட்டு 5 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 1150 வாட்தான் தாங்கும். ஒரு ரெட்ஹெட் லைட் 800 வாட். இரண்டாவதற்கு வேறு லைன் இழுங்கள்.